படம் காட்டாத தாய்

2012 நவம்பர் 11, ஞாயிறு இரவு

மத்தியானம் பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதித் தியேட்டரில் ஒரு பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தோம். தொப்பி போட்ட சண்டியன் கடைசியில் தெருவில் சுடப்பட்டுச் செத்தான். நம் படங்களின் வில்லன்கள் இன்றும் அவனுடைய நடையைத்தான் நடக்கிறார்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மனைவி வசந்தி ரூ லூயி-பிளாங் தெருவில் நின்றாள்.

“பிறகு அந்தச் சண்டியன்ர தாய்க்கு என்னப்பா நடந்தது?”

“படத்தில அது இல்லை.”

“ஏன் காட்டேல்லை?”

 இங்கே தமிழ்க் குழுக்களின் சண்டையில் பிடிபட்டுச் சிறையிலிருக்கும் தன் தம்பியின் பெயரை அவள் இரண்டு வருடமாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, நான் தம்பியைப் போய்ப் பாக்கிறன்.”

ஸ்பீக்கரில் மாமியின் குரல் கேட்டது.

“குளிருக்கு உடுப்பு இருக்கோ எண்டு கேள், பிள்ளை.”