வானகரம் வரை தனியாகப் போய் வந்த உன் அம்மா

கள்ளிக்குப்பம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு, நைனா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டு, அந்த வார்த்தை மேலேயே பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதமாக உன்னிடம் போனில் நலம் நலம் என்று சொன்னதில் பாதி பொய். நீயும் மாப்பிள்ளை ஃபெலிக்ஸும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். எதிர் வீட்டு சுலைமான் புதன்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார், கறிவேப்பிலைப் பொடியோடு இதையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நம் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டது இன்னும் மூடவில்லை, பலகை மேல் நடந்துதான் வீட்டுக்குள் வருகிறோம். போனில் பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, அதனால்தான் கடிதம். இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். "எழுது, ஆனா பாவம் கீவம்னு எழுதாதே" என்று சொல்லிவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள்.

போன ஆகஸ்டில் உன் தினகரன் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாரே, அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் அம்மாவும் இருந்தாள், தம்பி தலை அவள் மடியில்தான் இருந்தது. அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வானகரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவள், பைபாஸ் பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, உதடு மரத்து, இரண்டு கை விரலும் ஊசி குத்துகிற மாதிரி ஆகி உள்ளே மடங்கிக்கொண்டதாம். தம்பிக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது, இதோடு முடிந்தது என்றே நினைத்திருக்கிறாள். கண்டக்டர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டார்கள், எதிலும் கோளாறு இல்லை. திரும்பி வரும்போது நான் சந்தோஷத்தில், ஒன்றும் இல்லையாம் பார்த்தாயா, வீணாகப் பயந்துவிட்டாய் என்று நாலு தடவை சொன்னேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள், "ஒண்ணும் இல்லன்னா என் கை ஏன்யா கோணிக்கினு போச்சு?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் மூன்று தடவை வந்தது. ஒன்று குளியல் அறையில், ஒன்று ரேஷன் கடை வரிசையில், ஒன்று ஆராதனை நடுவில். இன்னும் இரண்டு தடவை இ.சி.ஜி. எடுத்தோம், அதேதான். வாயு என்றார்கள், ஓமத் தண்ணீர் குடித்தாள். விசுவாசம் குறைவு என்று சபையில் ஒருவர் சொன்னார், அன்றைக்கு அழுதாள். முதலில் பஸ்ஸை விட்டாள், பிறகு சர்ச்சை விட்டாள், கடைசியில் தெருமுனைக் கடைக்குக்கூட நான் வேலை விட்டு வந்துதான் போக வேண்டும் என்று ஆனது. எந்த நேரமும் இடது மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருப்பாள். ஜனவரியில் நீ போன் போட்டு, எனக்கு எட்டு மாதம் ஆகும்போது வந்துவிடும்மா என்று கூப்பிட்டபோது முட்டி வலி, வர முடியாது என்று அவள் சொன்னது இதனால்தான். பக்கத்து ஃபிளாட்டுக்கெல்லாம் அம்மா வருகிறார்கள், உனக்கு என்னைவிட முட்டிதான் பெரிதா என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். உன் மேல் தப்பில்லை பாப்பா, மறைத்தது நாங்கள். அவள் அரை மணி நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து சொன்னாள், "நாளைக்கு லீவு போடு. மூணு தபா எடுத்துப் பாத்துட்டானுங்க, நெஞ்சு நல்லாக் கீதுன்றானுங்க. அப்ப கோளாறு வேற எங்கியோ கீது. மனசு டாக்டருகிட்ட போலாம்." எனக்குத்தான் தயக்கம், நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று. அவளுக்கு அது ஒரு துளியும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மைதிலி என்று ஒரு டாக்டரம்மா, உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவர்தான் முதல் முறையாக, உங்களுக்கு வந்தது நிஜம்மா, நடிப்பும் இல்லை கற்பனையும் இல்லை என்று சொன்னார். அதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தெரு நாய் திருடனைப் பார்த்தாலும் குரைக்கும், கூரியர் கொடுக்க வருகிறவரைப் பார்த்தாலும் அதே குரலில் குரைக்கும், குரைப்பது நிஜம், ஆனால் வந்தவர் திருடன் இல்லை, உங்கள் உடம்பு இப்போது அப்படிக் குரைக்கிறது என்றார். பயத்தில் மேல்மூச்சு வேகமாக வாங்குவதால்தான் விரல் மரத்து மடங்குகிறதாம், படபடப்பு, வேர்வை எல்லாம் அதே பயத்தின் வேலைதானாம். அது ஏறும், பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய் தானாகவே இறங்கும், அதைக் கண்டு பயந்தால்தான் நீளும் என்றார். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடச் சொன்னார். ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்து, நாங்களாக நிறுத்தக் கூடாது என்றார். காபியைக் குறைக்கச் சொன்னார். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மயக்கம் போட்டாலோ இதுவும் அதுதான் என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதையும் இரண்டு தடவை சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அப்ப நாயை அடிச்சித் தொரத்த முடியாது, பழக்கணும், அதானே மேடம்" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

பழக்கினாள் பாப்பா. எனக்குத் தெரிந்து நம் குடும்பத்தில் யாரும் செய்யாத வேலை அது. முதல் வாரம் பஸ் ஸ்டாப்பில் போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வருவது மட்டும்தான். பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை, அவளுக்கு வேர்வையில் முந்தானையே நனைந்துவிடும். அடுத்த வாரம் ஒரு ஸ்டாப். அதற்கடுத்த வாரம் இரண்டு ஸ்டாப் போகும்போது வந்துவிட்டது, பாதியில் இறங்கி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டு, "முடியாதுய்யா, என்னால ஆவாது" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சரி, விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே புடவை மாற்றி வாசலில் நின்றாள். கூட வருகிறேன் என்றேன். "நீ வராதே. நீ வந்தா உன் மூஞ்சியவே பாத்துக்கினு கீறேன், அது என்னைவிட பயந்துகினு கீது" என்றாள். உண்மைதான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அதே வானகரம், அதே பஸ், தனியாகப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அன்றைக்கு எனக்கு ஷிப்ட். லேத்தில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, என் கண் முழுக்க போனில்தான் இருந்தது. பைபாஸில் நெரிசல் இருந்ததாம், வண்டி நின்றதாம், அதுவும் வந்ததாம். எழுந்து இறங்கிவிடலாம் என்று கால் பரபரத்திருக்கிறது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி மூச்சை விட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னாம்மா, மயக்கமா, வண்டிய நிறுத்தச் சொல்லட்டா" என்று கேட்டாராம். இவள், "வேணாம்மா. படபடப்பு. எனக்கு அடிக்கடி வரும், பத்து நிமிஷத்துல போய்டும். கொஞ்சம் ஜன்னல் பக்கம் உடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். முன்பின் தெரியாதவரிடம் இப்படி உரக்கச் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. போய் இறங்கி மார்க்கெட்டிலிருந்து எனக்குப் போன் போட்டாள், "வஞ்சிரம் நல்லா இல்ல, சங்கரா வாங்கிக்கினு வரேன்", அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நான் கையிலிருந்த கிரீஸ் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பக்கத்து மெஷின் அபிஷேக், அண்ணாத்தே மூஞ்சியெல்லாம் கருப்பு என்று சிரித்தான். சிரிக்கட்டும். இந்த இருபத்தொன்பது வருஷத்தில் அவளை எத்தனையோ விஷயத்தில் மெச்சியிருக்கிறேன், வாய்விட்டுச் சொன்னதில்லை, அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னேன். முள்ளைப் பார்த்துச் சாப்பிடு என்றாள்.

இன்னும் அது அடியோடு போய்விடவில்லை, போன வாரம்கூட ஒரு தடவை வந்தது. வந்தால் என்ன என்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை உன்னிடம் வருகிறாள், நாலு மணி நேரம் விமானத்தில், தனியாக. எனக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வேண்டாம் என்றிருப்பாள். நடைபாதை ஓரமாக சீட் கேட்டு வாங்கியிருக்கிறோம், ஏறியதுமே விமானப் பணிப்பெண்ணிடம் தனக்கு இப்படி வரும் என்று சொல்லிவிடப் போகிறாளாம். அங்கே வந்தபின் எப்போதாவது வந்தால் நீயும் மாப்பிள்ளையும் சுற்றி நின்று காற்றை மறைக்காதீர்கள், என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று பத்துத் தடவை கேட்காதீர்கள், நான் சொன்ன மாதிரி ஒன்றும் இல்லை என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீ மெதுவாக மூச்சு விடு, அவள் பிடித்துக்கொள்வாள். அதற்காக அவளை வீட்டிலேயே உட்கார வைத்துவிடாதே, கடைக்கு அனுப்பு, சர்ச்சுக்குக் கூட்டிப் போ. படுத்தால் நெஞ்சு அடிக்கிறது என்று போன மாதம் நீயும் சொன்னாய். மாசமாக இருக்கிற நேரம், ரத்தக் குறைவாகவும் இருக்கலாம், இது பயம்தான் என்று நீயாக முடிவு செய்துகொள்ளாமல் டாக்டரிடம் சொல்லிவிடு.

அந்தப் போன் பேச்சுக்காக அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அவள் பஸ் ஏறியது உன் கோபத்துக்குப் பயந்து இல்லை. பேரப்பிள்ளை பிறக்கும்போது அடுத்த அறையில் நான் இருக்கணும் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள், அதற்கப்புறம் ஸ்டாப் ஸ்டாப்பாகப் போய்க்கொண்டே இருந்தாள். விமான நிலையத்தில் அவள் வெளியே வந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள். முகம் வேர்த்திருக்கலாம், புடவை கசங்கியிருக்கலாம், அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவள் வந்துவிட்டாள், அது போதும்.

சமாதானத்தின் தேவன் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் அம்மாவையும் காத்துக்கொள்வாராக. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. அம்மா இறங்கியதும் அவள் சாப்பிட்டாளா என்று கேட்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு, வேலை நேரமாக இருந்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவைக் கட்டிக்கொண்டதில் பெருமைப்படும்
நைனா பிரகாசம்