பதினோராவது ஓட்டை

ஜூன் 3, செவ்வாய்
காலையில் ஆறு சட்டையின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்தேன். மத்தியானம் தையல் கடைக்கு நெட்டை வந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பேன்ட் காலை மடித்துத் தைக்க வேண்டுமாம். அவள் உயரத்துக்கு மடிக்க அதில் துணி ஏது?

வந்த விஷயம் வேறு. துப்பாக்கி சுடும் கிளப் அணியில் ஒரு இடம் காலி. இருபத்தொன்றாம் தேதி தேர்வு. "நீயும் வர்ற. சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி."

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபோது இதையும் விட்டேன். இரண்டு வருஷம். கை மறந்திருக்காதா?

சனிக்கிழமை கடை ஆறு மணி வரை. கடை அக்காவிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 5
கேட்கவில்லை.

ஜூன் 6
அக்கா டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். என்ன என்றார். கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டேன். என் கையில்தான் இருந்தது.

ஜூன் 7, சனி
நெட்டையே வந்து கேட்டுவிட்டாள். "அக்கா, இந்த வாயில்லாப்பூச்சிய சனிக்கிழமை மட்டும் என்கூட அனுப்புங்க." அக்கா சிரித்துவிட்டு மூன்று வாரத்துக்குச் சரி என்றார்.

கிளப் கொட்டகை அப்படியே இருக்கிறது. பத்து மீட்டர் தள்ளி வரிசையாகக் குறி அட்டைகள். என் முதல் குண்டு அட்டையைத் தொடவே இல்லை, பின்னால் இருந்த பலகையில் போய்ப் பட்டது. சிரித்த சிரிப்பில் நெட்டையும் தன் குண்டைக் கோட்டைவிட்டாள். அப்புறம் மூச்சைப் பாதி விட்டு நிறுத்திப் பார்த்தேன், ஊசியில் நூல் கோக்கும்போது செய்கிற மாதிரி. ஒன்பது. அடுத்தது பத்து!

ஜூன் 14
பத்துக் குண்டுக்கு நெட்டை 86, நான் 88. வழியெல்லாம் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 21, சனி
ஆளுக்குப் பத்துக் குண்டு. எனக்கு நாலாம் அட்டை, நெட்டைக்கு அஞ்சு. ஒன்பது குண்டு நன்றாகப் போனது. பத்தாவதைச் சுட்ட பிறகுதான் மேலே இருந்த எண்ணைப் பார்த்தேன். அஞ்சு. ஐயோ — அவள் அட்டை! அதுவும் நட்ட நடுவில்.

கிளப் மாஸ்டர் ஓட்டைகளை எண்ணினார். என் அட்டையில் ஒன்பதுதான். நடு ஓட்டை கொஞ்சம் பெரிதாகக் கிழிந்திருந்ததால், அதிலேயே இரண்டு குண்டு போயிருக்கும் என்று இன்னொரு பத்து போட்டுவிட்டார். 94. நெட்டை அட்டையில் பதினொன்று. ஒரு குண்டு கூடுதலாகச் சுட்டால் போட்டியை விட்டே வெளியே, அதுதான் கிளப் விதி. "பத்துதான் மாஸ்டர் சுட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரல் அப்படிச் சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

நான் வாயைத் திறக்காவிட்டால் இடம் எனக்கு. யாருக்கும் தெரியாது. எனக்கு?

"அது என்னுது," என்றேன். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை மொத்தக் கொட்டகையும் திரும்பிப் பார்த்தது. இவ்வளவு பெரிய குரலா எனக்கு?

அந்தக் குண்டுக்கு சைபர் போட்டார்கள். எனக்கு 84, நெட்டைக்கு 87. இடம் அவளுக்கு.

"லூசு, சும்மா இருந்திருந்தா நீ உள்ள," என்றாள் வழியில்.

"நீ வெளிய," என்றேன்.

தெருமுனை வரை பேசாமல் வந்தாள். நெட்டை! பேசாமல்! பிறகு சொன்னாள்: "என் அட்டையிலயே நல்ல குண்டு உன்னுதுதான்டி."

ஜூன் 22
கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான்.

ஜூன் 27, வெள்ளி
அக்கா தந்த மூன்று வாரம் முடிந்துவிட்டது. நாளையைப் பற்றி நெட்டை வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

டீ நேரத்தில் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன, கத்தரிக்கோலா?"

"இல்லக்கா. சனிக்கிழமை நாலு மணிக்குக் கிளப்புக்குப் போகணும்."

"எத்தனை வாரம்?"

"எல்லா வாரமும்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "காஜாவ முடிச்சிட்டுப் போ."

ஜூன் 28, சனி
பதினாலு சட்டை. மூன்று நாற்பதுக்கு முடித்துவிட்டேன்.