ஷெரினின் வாயில் என் குரல்

மல்வேர்ன், ரொறன்ரோ
மாசி மாதம், 1996

என் அன்புப் பிள்ளை யோகமலருக்கு,

சேசு மரி சூசை துணை. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நாங்கள் எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம், அங்கே பேர்கனில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் மறதி என்ற வியாதி எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். இங்கே ஸ்னோ யன்னல் அடிவரைக்கும் குவிந்து கிடக்கிறது. உன் அண்ணன் இக்னேசியஸ் அதற்குள்ளும் ஒஷாவாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்வருகிறான். கிளடிசுக்கு வயிறு பெரிதாகிவிட்டது, பங்குனி கடைசியில் பிள்ளை பிறக்குமாம், கால் இரண்டும் வீங்கியிருக்க இன்னும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள், நில் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மாமியார் சொன்னால் எந்த மருமகள் கேட்டாள், அதை விடு.

இதையெல்லாம் ரெலிபோனில் சொல்லலாமே என்று நினைப்பாய். ரெலிபோன் எல்லோரும் இருக்கிற முன் அறைக்குள் இருக்கிறது, நான் அதை எடுத்தால் உன் அண்ணன் மகள் சின்னவள் ஷெரின் வந்து பக்கத்தில் நின்று என் வாயையே பார்ப்பாள். அதனால்தான் கடிதம். கிளடிஸ் உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். ஷெரின் கதைக்கத் தொடங்கிவிட்டாள். சந்தோசப்பட்டு மருமகனைக் கூப்பிடாதே, முழுக்கப் படி.

அந்தப் பிள்ளைக்கு நாலு வயது நெருங்கியும் ஒரு சொல் வராமல் நாங்கள் பட்ட பாடு நீ அறிந்ததுதான். காது நல்லாய்க் கேட்கிறது என்றார்கள், கதைக்கப் பழக்குகிற வெள்ளைக்காரப் பெண்ணிடமும் கூட்டிக்கொண்டு போனார்கள், அம்மா என்ற சொல்கூட வரவில்லை. பகலில் அவளும் நானும்தான் வீட்டில். வாய் இல்லாத பிள்ளை என்று நினைத்து நான் அவளுக்கு முன்னால் எதையும் மறைக்கவில்லை. நம்முடைய வீட்டுச் செபம் எப்படி என்று உனக்குத் தெரியும், செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொல்ல வேண்டும். ஊரில், இளவாலையில் உன் அப்பா தொடக்கி வைத்த வழக்கம், அதை நான் இந்த அப்பார்ட்மென்றிலும் விடவில்லை. என் மனதில் உள்ளதை நான் ஆண்டவரிடம் சொன்னேன், அவ்வளவுதான். ஆண்டவரே, பெரியவர்களை மதிக்கிற புத்தியைக் கிளடிசுக்குக் கொடும், கறிக்கு உப்புப் போடுகிற நினைவையும் கொடும் என்று கேட்டேன். என் பிள்ளையின் உழைப்பெல்லாம் சப்பாத்து வாங்கியே கரையாமல் காத்தருளும் என்றும் கேட்டேன். கிளடிஸ் முழந்தாளில் நின்றபடி கேட்டருளும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் எழும்பிப் போகிறபோது சொன்னாள், மாமி, உது செபம் இல்லை, முறைப்பாடு, என்னைப் பற்றிக் கோள் சொல்லுறதுக்கு என்னையே கேட்டருளும் எண்டு சொல்ல வைக்கிறியள் என்று. மரியன்னை மாதத்தில், செவ்வாய்க்கிழமை, பச்சைச் சட்டையோடு நின்று சொன்னாள். நான் அதை மறக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டு நின்றேன். வெளியே ஸ்னோ கொட்டி வீடெல்லாம் இருண்டு போயிருந்தது. அறைக்குள்ளே யாரோ செபம் சொல்வது கேட்டது. யார் என்று காதைக் கொடுத்தால், மலர், அது நான். என் குரல். தொடங்குமுன் நான் தொண்டையைச் செருமுவேனே, அந்தச் செருமல். சேசுவே என்று இழுக்கும்போது என் மூச்சு வாங்குமே, அந்த மூச்சு. குசினியில் நிற்கிற நான் அறைக்குள் இருந்து செபம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் செத்துப்போனேனோ, என் ஆவிதான் அங்கே நிற்கிறதோ, அல்லது அங்கே நிற்பதுதான் நானோ என்று தெரியாமல் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையில் கீரைத் தண்ணீர் இருந்தது. மெல்லப் போய்க் கதவைத் தள்ளினேன். மாதாவின் சுருவச் சிலைக்கு முன்னால் ஷெரின் முழந்தாளில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேசுவே, நான் சொல்லுறது உமக்குக் கேக்குதோ, கிளடிசின்ரை நெஞ்சு கல்லு, ஒண்டில் என்னை எடும், இல்லாட்டி அவளை எடும், ரெண்டு பேரும் ஒரு குசினியிலை இருக்கேலாது என்றாள். இது நான் ஒரு நாள் கோபத்தில் தனிய நின்று சொன்னது. அது போகட்டும். அதற்குப் பிறகு பிள்ளை கொஞ்சம் தலையைச் சரித்து, வேலைவிட்டுக் களைத்து வந்த கிளடிசின் குரலில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு திரிகிறவள் தன்னை எடுக்கச் சொல்லித் தானே ஆமென் போட்ட மாதிரி இருந்தது.

நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது. இரண்டொரு நாளில் கிளடிஸ் பின்னேரம் வேலையால் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற நேரம் அறைக்குள் சத்தம் தொடங்கிவிட்டது. அவள் ஒரு காலில் சப்பாத்தோடு ஓடி வந்தாள், மாமி, பிள்ளை கதைக்கிறாள், என்ரை தங்கம் கதைக்கிறாள் என்று சிரிப்பும் அழுகையுமாக வந்து கதவடியில் நின்றாள். நின்று கேட்டாள். முழுவதையும் கேட்டாள். தன் குரல் பதில் சொல்கிற இடம் வந்ததும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன், இரண்டு சுடுசொல் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினாள். அடுத்த நாள் தொடக்கம் பிள்ளையைக் கீழ்மாடியில் இன்னொருத்தி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். இக்னேசியஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று இருவரும் குசுகுசுத்ததும் எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் எனக்கு அறை இருக்குமா என்று நான் கேட்கவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை தமிழில் பூசை வைக்க வருகிற சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். என் மகன் வயதுகூட இல்லாத சுவாமி, என் கையால் நண்டுக்கறி சாப்பிட்டவர், எனக்குப் புத்தி சொன்னார். அம்மா, உங்கடை நோவை ஆண்டவரிட்டை எவ்வளவும் சொல்லி அழலாம், அவர் கோவிக்கமாட்டார், ஆனால் ஒருத்தியிலை குறை எண்டால் அவளிட்டைத் தனியப் போய் முகத்துக்கு நேரை சொல்லுங்கோ, அவள் உங்களைச் சொன்னால் அதையும் இருந்து கேளுங்கோ, செபத்துக்குள்ளை ஒளிச்சு எறியாதேங்கோ என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வேதப் புத்தகத்தில் வரும், வனாந்தரத்தில் வானத்து அப்பத்தைத் தின்றுகொண்டே முறுமுறுத்த சனத்தின் கதையை இவர் பிறக்க முன்னமே நான் அறிவேன். ஆனாலும் வரும் வழியெல்லாம் பஸ்ஸுக்குள் அந்தக் குரல் என் காதில் கேட்டபடியே இருந்தது, என் குரல்.

வீட்டுக்கு வந்து கிளடிசின் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் இருந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன்னிடம் எனக்குக் குறைகள் உண்டு, சொல்லப் போகிறேன் என்றேன். சொல்லுங்கோ என்றாள். சொன்னேன். என் சமையலைக் குளிர்ப்பெட்டியின் பின்னால் தள்ளிவைப்பதைச் சொன்னேன், நான் வெளிக்கிட்டு நின்றாலும் வாங்கோ மாமி என்று கூப்பிடாமல் கடைக்குப் போவதைச் சொன்னேன். முடிஞ்சுதோ மாமி என்றாள். இன்னும் கிடக்கு என்றேன். அதையும் சொல்லி முடியுங்கோ, பிறகு என்ரை முறை என்றாள். அவளுடைய முறை வந்தது. கலியாணத்தண்டு என்ரை அம்மா கொண்டுவந்த பலகாரத்தை ஆக்களுக்கு முன்னாலை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பார்த்தியள், அம்மா சாகுமட்டும் அதைச் சொல்லி அழுதவ என்றாள். மகளே, என்னைப் போல ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள் என்று அன்றுதான் கண்டேன். பலகாரம் பழைய எண்ணெயில் காறல்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஆட்களுக்கு முன்னால் மணந்தது பிழை, அதைச் சொன்னேன். கிளடிஸ் காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு, நான் சாகவேணும் எண்டு உண்மையாய்க் கேட்டனீங்களோ மாமி என்றாள். கேட்ட நேரம் உண்மை, அந்த நேரம் முடிந்த உடனேயே பொய் என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்த நாள் கிளடிஸ் பிள்ளையை மறுபடி என்னிடமே விட்டுப் போனாள், இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்றிலிருந்து செபத்தில் நன்றி மட்டும் சொல்வது, மற்ற நேரம் வாயை மூடுவது என்று இருந்தேன். நான் வாயை மூட, ஷெரினும் மூடிவிட்டாள். அந்தச் செருமல்கூட இல்லை. என் முன்னால் வந்து இருந்து என் உதட்டைப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். கதைக்கப் பழக்குகிற பெண்ணும் கைவிரித்துவிட்டாள். நேற்றுக் காலை கிளடிஸ் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் இருத்தி, மாமி, கதையுங்கோ, என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, உங்கடை வாயிலையிருந்துதான் இவள் எடுக்கிறாள், எனக்கு என்ரை பிள்ளையின்ரை சத்தம் வேணும் என்றாள். இப்படி ஒரு வார்த்தையை எந்த மருமகளும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் போன பிறகு நான் வாயைத் திறந்தால், மலர், வருகிற எதிலும் யாரோ ஒருவருடைய குற்றம் இருந்தது. வெயிலைச் சொல்லப் போனால் குளிருக்குப் பேச்சு, சோற்றைச் சொல்லப் போனால் அரிசி விற்றவனுக்குப் பேச்சு. கடைசியில் உன் அப்பா எனக்குக் கடலைச் சுருள் வாங்கித் தந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். பிள்ளை என் வாயைப் பார்த்தபடி உதட்டை அசைத்தாள். நான் அடுத்த சொல்லைச் சொல்ல முன்னமே அவள் உதடு அந்தச் சொல்லுக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் பயந்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை.

இனி உன்னுடைய பங்கு. பிள்ளை வாய் மூட முதல் ஒரு நாள் வேறொன்றும் சொன்னாள். மலர் வரேல்லை, அந்த மனிசன் கண் மூடுமட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, மலர் வரேல்லை என்றாள். இதை நான் கனடாவில் ஒருவருக்கும் சொன்னதில்லை, செபத்திலும் சொன்னதில்லை, சத்தியமாய் வாய்திறந்து சொன்னதே இல்லை. நித்திரையில் சொல்லியிருப்பீர்கள் என்கிறாள் கிளடிஸ். எனக்குத் தெரியாது. ஆனால் உன் முகத்துக்கு நேரே சொல்லாமல் வைத்திருந்தால் அது எங்கே போய் யாருடைய வாயால் வரும் என்று கண்டுவிட்டேன், அதனால் எழுதுகிறேன். உன் அப்பா கொழும்பில் சாகக் கிடந்தபோது உனக்கு அங்கே இருக்க விடுகிற கடதாசி சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பப் போகமுடியாது, எல்லாம் அறிவேன். அறிந்தும் என் மனதில் அது முள்ளாய்க் கிடந்தது. இப்போது சொல்லிவிட்டேன். உனக்கும் என்னில் இருக்கும். எழுது, எவ்வளவு காரமாக இருந்தாலும் எழுது, நான் இருந்து வாசிப்பேன்.

உன் பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துச் சிலுவை அடையாளம் போட்டுவிடு, மாதா உன் வீட்டு வாசலிலும் அடுப்பிலும் நிற்கட்டும். மருமகனுக்கு என் ஆசீர். கிளடிசின் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு செபமாலை ஒப்புக்கொடு, நானும் அவளுக்காக அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்கிறேன், வேறொன்றும் சேர்க்காமல். ஒன்றை மறவாதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கும்போது ரெலிபோனை ஷெரினின் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் என் குரல் கேட்டு, அது உன்னைச் சுடுகிற மாதிரி ஏதாவது சொன்னால், பயந்து வைத்துவிடாதே. அது நான்தான். கேட்டுக்கொண்டு நில் மகளே, பிள்ளை கதைக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அந்தோனியம்மா