எல்லோருக்கும் எழுபத்திரண்டு

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக இன்று காலை நம் இணையப் பாடத்தைத் திறந்தேன். உன் காணொளி தானாக ஓடத் தொடங்கிவிட்டது. “பிள்ளைங்களா, மொதல்ல கையத் தொட்டுப் பாருங்க.” நீ போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. குரல் மட்டும் பக்கத்து மேசையிலிருந்து வருவது மாதிரி அவ்வளவு தெளிவு.

வில்கமுவ, பல்லேகம பக்கத்துத் தாதியர் மாணவிகள் பஸ்ஸை நம்பி மாத்தளைக்கு வர முடியாது என்றுதானே இருவரும் சேர்ந்து இதைச் செய்தோம். வீட்டிலுள்ளவர்களின் நாடித்துடிப்பை எண்ணி அனுப்புவதுதான் முதல் பயிற்சி. அப்பா, அம்மா, தம்பி, எல்லோருக்கும் எழுபத்திரண்டு என்று எழுதியனுப்பினார்கள். புத்தகத்தில் இருக்கும் எண். விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு உன் முகம் மாறியது. “சிரிக்கிற விஷயமில்லடி. நாளைக்கு இவங்கதான் வார்டுல நிப்பாங்க.” அதற்குப் பிறகுதான் நேரலை வகுப்பு வந்தது. கேமரா முன்னால் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து, வாய்விட்டு எண்ண வேண்டும்.

பிறகு நீயே வார்டில் படுத்தாய். உன் கை சில்லிட்டு வியர்த்திருந்தது. ஓர் இளம் தாதி வந்தாள், உன்னைத் தொடாமலே அட்டையில் எழுதினாள், போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். எழுபத்திரண்டு. நீயும் பார்த்துவிட்டாய். “நம்ம பிள்ளையா இருக்கக் கூடாதுன்னு கும்பிட்டுக்கோ” என்றாய். டாக்டரைத் தேடி ஓடினேன். வந்து பார்த்தார்கள், மாலையில் நீ இல்லை. அவள் நம்மிடம் படித்தவளா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. பயம்தான்.

இப்போது கல்லூரியில் நேரலையை நிறுத்தச் சொல்கிறார்கள். சிக்னல் கிடைப்பதில்லையாம், எண்ணை எழுதியனுப்பினால் கணினியே திருத்திப் புள்ளி போட்டுவிடுமாம். முடியாது என்று சண்டை போட்டு, முதல் வகுப்பை இன்று தொடங்கினேன். வில்கமுவப் பெண் ஒருத்தி, வயலிலிருந்து வந்து உட்கார்ந்த தன் அப்பாவின் கையைப் பிடித்து எண்ணினாள். பாதியில் நிறுத்தினாள்.

“மிஸ், நடுவுல நடுவுல விட்டுட்டுத் துடிக்குது. கை ஜில்லுனு இருக்கு. அப்பா சும்மா களைப்புங்கிறாரு.”

“அவரு சொல்றத விடு. ஆம்புலன்ஸுக்கு போன் அடி. லேட்டாகும்னா டிராக்டர்லயாச்சும் ஏத்து.”

அவள் எழுந்ததோடு இணைப்பு அறுந்தது. இதை எழுதும் வரை அழைப்பு வரவில்லை. மற்றப் பிள்ளைகளில் ஒருத்தியும் வகுப்பை விட்டுப் போகவில்லை. அம்மா கையை, அண்ணன் கையைப் பிடித்தபடியே திரையில் காத்திருக்கிறார்கள். உன் பிடிவாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதோடு உன் பயமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.