நாக்கைக் கடிக்காத புகையிலை

அண்ணாச்சி,

நேற்று நம் கம்பெனி சாம்பிள் ரூமுக்கு, ஆர்டர் கொடுக்கிற பையர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். துணி மாதிரிகளை எடுக்கத் தோள்பையைத் திறந்ததும் ஒரு வாசம் மேசையைத் தாண்டி வந்தது. உலர்ந்த அத்திப்பழத்தைக் கருப்பட்டிப் பாகில் ஊறப்போட்டது போன்ற வாசம். பையின் ஓரத்தில் புகை பிடிக்கிற பைப் ஒன்றின் முனை தெரிந்தது. பக்கத்தில் நின்ற செக்கிங் பெண், "நல்ல வாசமா இருக்குதுங்க சார், என்ன சென்ட்டுங்க அது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். அளவு நாடாவை மேசையில் வைத்துவிட்டு, அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்று பொய் சொல்லி வெளியே வந்தேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த வாசத்துக்குள் உட்கார்ந்து கழுத்தளவு பேச என்னால் முடியவில்லை.

நீங்கள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பேட்டர்ன் மாஸ்டர் ஆனவர். நான் ஊத்துக்குளிக்காரன், அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதைப் படித்து உங்களுக்குச் சொல்வது என் வேலை. சொன்னதைத் தாளில் வெட்டி, சட்டையாக்கிக் காட்டுவது உங்கள் வேலை. பதினாறு வருடம் அப்படியே ஓடியது. நான் படித்துச் சொன்னால் நீங்கள் திருப்பிக் கேட்க மாட்டீர்கள். அதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

அந்த டென்மார்க் பெரியவரை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. கைக்குழந்தை உடுப்பு ஒன்றில் கழுத்து சரியாக உட்காரவில்லை என்று நான்கு சாம்பிளைத் திருப்பியவர். ஐந்தாவதில் நீங்கள் தோள் பக்கம் கால் இஞ்ச் மட்டும் எடுத்தீர்கள். பொம்மையின் தலை வழியாக அது வழுக்கிக்கொண்டு இறங்கியதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த முறை வந்தபோது உங்கள் கையில் ஒரு பைப்பையும் ஒரு டப்பா புகையிலையையும் கொடுத்தார். பீடியையும் சிகரெட்டையும் வீட்டில் ஜெபராணி அக்காவின் பேச்சுக்காக விட்டு நீங்கள் அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது.

"இது சிகரெட்டு மாதிரி இல்ல தம்பி. பொகைய உள்ள இழுக்கதே இல்ல. வாயோட சரி. நெஞ்சுக்கு ஒண்ணும் செய்யாது" என்றீர்கள்.

நானும் ஆமாங்க என்றேன்.

முதல் நாள் மதியம், கம்பெனிக்கு எதிரே தண்ணீர் லாரிகள் நிற்கும் காலி இடத்தில் உட்கார்ந்து பற்ற வைத்தீர்கள். பஞ்சு பறக்கிற கட்டடத்துக்குள் தீக்குச்சியே கூடாது. நாலு இழுப்புக்குள் முகம் சுளித்தீர்கள். "நாக்கு வெந்துபோச்சு. இத எப்படித்தான் குடிக்கானுவளோ. டப்பால என்னமோ எழுதிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று நீட்டினீர்கள்.

அப்படித்தான் புகைக்காத நான் உங்கள் புகையிலைக்கு வாத்தியார் ஆனேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். ஈரம் அதிகமாக இருந்தால் புகையோடு ஆவியும் சேர்ந்து வந்து நாக்கைச் சுடும். நூல் மாதிரி மெல்லியதாக நறுக்கியது சீக்கிரம் எரியும், சூடும் ஏறும். தகடாக அழுத்தித் தடியாக வெட்டியது மெல்ல எரியும். மஞ்சள் இலையில் இனிப்பு அதிகம், வேகமாக இழுத்தால் அதன் புகை நாக்கைக் கடிக்கும். காற்றிலேயே உலர்த்திய பழுப்பு இலையில் இனிப்பு இல்லை, கடிக்காது, ஆனால் தலையைச் சுற்ற வைக்கும். ஆவியில் வேகவைத்து அழுத்திய கறுப்பு இலைதான் எல்லாவற்றிலும் சாது.

நான் சொன்னதை உங்கள் விரல்கள் எனக்கு முன்பே புரிந்துகொண்டன. ரோலைப் பிரித்த துணியை ஒரு நாள் சும்மா கிடக்க விட்டுத்தானே வெட்டுவீர்கள். அதேபோல் ஒரு சிட்டிகை புகையிலையைப் பேட்டர்ன் தாளில் பரப்பி வைத்தீர்கள். இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பீர்கள். கட்டியாக ஒட்டினால் இன்னும் ஈரம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. அழுத்தி விட்டதும் மெல்ல விரிந்தால் சரி. "ரிப் துணி மாதிரி திரும்ப வரணும்" என்பீர்கள். இறுக்கி அடைக்காமல், அவசரமில்லாமல் இழுக்கவும் பழகிவிட்டீர்கள். பெரியவர் வருடத்துக்கு இரண்டு முறை டப்பா கொண்டுவந்தார். எது வேண்டும் என்று அவருக்கு எழுதியது நான். ஆறேழு வருடம் அந்த மதிய அரைமணி நேரம் நம் இருவருக்கும் சந்தோஷமாகவே இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு மார்ச் மாதம், நாக்கின் இடது ஓரத்தில் எரிச்சல் என்றீர்கள். வெயிலில் நின்று நாக்கை நீட்டிக் காட்டினீர்கள். அரிசி அளவில் ஒரு சிவப்பு, நடுவில் கொஞ்சம் வெள்ளை.

"அது நாக்குக் கடிதானுங்க அண்ணாச்சி. பைப் பிடிக்கிறவங்க எல்லாத்துக்கும் வர்றதுதான். இந்த டப்பா மஞ்சள் இலைங்க, அதான்."

"அப்ப மாத்திப் பாப்போமா?"

"மாத்திப் பாக்கலாமுங்க."

பழுப்பு இலைக்கு மாற்றினோம். இரண்டு வாரம் பரவாயில்லை, பிறகு மீண்டும் எரிச்சல். பைப்பைச் சாராயம் விட்டுக் கழுவினோம். நாளுக்கு இரண்டு முறையை ஒரு முறையாகக் குறைத்தீர்கள். மோர், மணத்தக்காளிக் கீரை, நெய். புண் அங்கேயே இருந்தது. மே மாதம் நான் கறுப்பு இலையைத் தேடிப் பிடித்து, வெளிநாட்டுக்குப் போய் வந்த ஒருவர் மூலம் வரவழைத்தேன். அது உங்களைச் சுடவே இல்லை. வலியும் குறைந்தது என்றீர்கள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். ஒரு முறையாக இருந்தது மறுபடி இரண்டாகி, மூன்றானது.

ஆகஸ்டில் கட்டிங் மேசையைச் சுற்றி நாம் ஆறு பேர் நின்றிருந்தோம். நீங்கள் 'ஷோல்டர்' என்று சொன்னது எங்கள் யாருக்கும் புரியவில்லை. கட்டிங் மாஸ்டர் திரும்பக் கேட்டார். நீங்கள் திரும்பச் சொன்னீர்கள். மூன்றாம் முறை சொல்லாமல், உங்கள் தோளைத் தொட்டுக் காட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

கோவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். டாக்டர் ஒரு பெண், உங்கள் மகள் வயதுதான் இருக்கும். கையுறை போட்ட விரலால் நாக்கின் ஓரத்தைத் தடவினார், பிறகு தாடைக்குக் கீழே அழுத்தினார். அங்கே ஒரு கட்டி இருந்ததை நாம் பார்த்ததே இல்லை.

"எத்தனை நாளா இருக்கு?"

"அஞ்சு மாசம்."

"ரெண்டு வாரத்துல ஆறலைன்னாலே வந்திருக்கணும் ஐயா. இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க?"

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காக உங்களுக்கு நான் நன்றி சொன்னதில்லை.

பாதி நாக்கை எடுத்தார்கள். கழுத்தைத் திறந்து கட்டிகளை எடுத்தார்கள். முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி. பேட்டர்ன் தாளைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கட்டிலருகே வைத்திருந்தார் ஜெபராணி அக்கா. அதில்தான் நீங்கள் பேசினீர்கள். 'விசிறி.' 'தலையணை.' 'அந்த ஆர்டர் போயிருச்சா.'

ஒரு ஞாயிறு மதியம், அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தபோது, நான் அதைச் சொன்னேன். "நாந்தானுங்க நாக்குக் கடின்னு சொன்னேன். நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா நீங்க மார்ச்லயே டாக்டர்கிட்ட போயிருப்பீங்க."

நீங்கள் தாளை எடுத்து எழுதினீர்கள். 'நீ சொன்னத நான் நம்பல. நீ அப்படித்தான் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் உங்கிட்டக் கேட்டேன். டாக்டர்ட்ட கேக்கப் பயம்.'

அதன் கீழே ஒரு கோடு போட்டு, 'இனி இதப் பேசாத' என்று எழுதினீர்கள்.

அந்தத் தாளைப் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். என்னை விடுவிப்பதற்காக எழுதினீர்களா, அதுதான் உண்மையா என்று இன்றுவரை தெரியவில்லை. உண்மை என்றால் அது இன்னும் மோசம். நீங்கள் பயத்தோடு என்னிடம் வந்திருக்கிறீர்கள், நான் அந்தப் பயத்துக்குத் தோதாக இலையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது மாதத்தில் மறுபடி கழுத்தில் கட்டி வந்தது. கடைசி வாரங்களில் அந்த அறையில் இருந்த வாடையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் அக்கா என்னைக் கூப்பிட்டார். அழுகையெல்லாம் தீர்ந்துபோன முகம். "ரெண்டு பேருமா சேந்து பொகையிலைக்கு வைத்தியம் பாத்திய தம்பி. நாக்க ஒருத்தரும் பாக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போன மாதம் அவரே கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "அவ அப்பா கொரலக் கேக்கணுங்கா தம்பி. எங்க போன்ல இருக்க வீடியோ எல்லாம் எடுத்தது அவியதான், பேசுனது நாங்க. ஒங்க போன்ல எதும் இருக்கா?"

கம்பெனி விஷயமாக நீங்கள் அனுப்பிய குரல் செய்திகள் எத்தனையோ இருந்தன. போன் மாற்றியபோது எல்லாம் போய்விட்டன. ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அது எது என்று எனக்குத் தெரியும். இல்லீங்க அக்கா என்று சொல்லிவிடலாம் என இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் நேரிலேயே போய், போனை அவர் கையில் கொடுத்தேன்.

பத்து விநாடிதான். அந்த மே மாதத்து மதியம். பின்னால் தண்ணீர் லாரி இரைச்சல். "தம்பி, இது கடிக்கவே இல்ல பாத்துக்க. பஞ்சு மாதிரி இருக்கு. இனி இதையே வாங்கச் சொல்லு."

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி போட்டார். மூன்றாம் முறை பாதியில் நிறுத்தினார்.

"இங்க கேளுங்க தம்பி. 'இல்ல'ன்னு சொல்லுத எடத்துல. அப்பமே பேச்சு கொழையுது."

வாங்கிக் கேட்டேன். குழைந்துதான் இருந்தது. அந்தச் செய்தியை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அதில் எனக்கு உங்கள் சந்தோஷம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"பரவால்ல, அனுப்புங்க. பிள்ளைக்கு அப்பா கொரலுதான வேணும். அது என்ன சொல்லுதுன்னு நமக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

அனுப்பினேன் அண்ணாச்சி. என்னிடம் இருப்பதை அழிக்கவில்லை, அழிக்கப் போவதுமில்லை. அந்த ஒரு சொல்லை அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தால், மே முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம் நம் கையில் இருந்திருக்கும்.