சம்பந்தி முன் விழுந்த சாட்சி

செப்டம்பர் 4, 2000. திங்கள்

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இராணுவ ஆட்சிக் காலத்து ஊழல்களை விசாரிக்க மாநில அரசு ஆணையம் அமைத்திருப்பதாகக் காலையில் வானொலியில் சொன்னார்கள். பழைய இராணுவ ஆளுநர்களையும் கூப்பிடுவார்களாம். விவரம் தெரிந்தவர்கள் வந்து சாட்சி சொல்லலாமாம். இதே வானொலிதான். என் வேலை போன செய்தியையும் இதில்தான் கேட்டேன். "குடிநீர் வாரியத் தலைமைப் பொறியாளர் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்." சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரை. எனக்கென்று ஒரு கடிதம்கூட வரவில்லை. சீருடைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவமானத்தை ஊரே கேட்க வேண்டும்.

நான் செய்த குற்றம்? ஒகே-அயோ குன்றின் மேல் நீரேற்று நிலையம் கட்டி முடிந்தது என்று கையெழுத்துப் போட மறுத்தேன். கட்டடம் இருந்தது. உள்ளே இயந்திரம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் திறப்புவிழா நடந்தது. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பின்பக்கத் தொட்டியில் ஊற்றினார்கள். ஆளுநர் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. ஊர் கைதட்டியது. அடுத்த வறட்சியில் அதே ஊர் ஓடைத் தண்ணீரைக் குடித்தது. காலரா வந்தது. என் அண்ணன் ஒலாடிப்போவின் மனைவி ரோன்கே அதில்தான் போனாள்.

அந்த ஆளுநர் இப்போது ஓய்வுபெற்ற பிரிகேடியர் லாடேஜு. தேவாலயத்தில் முதல் வரிசை.

செப்டம்பர் 5

ஆணையத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். என் மனைவி மொரெனிக்கேயிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 19. செவ்வாய்

ஆணையத்தின் வழக்கறிஞர் வந்திருந்தார். திருமதி எஃபியோங். கலபார் பக்கத்துக்காரர், எங்கள் மொழி தெரியாது. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த ஊரில் எவனும் எவனுக்காவது மைத்துனன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில், பிரிகேடியருக்கும் உங்களுக்கும் உறவு, தொழில், கொடுக்கல் வாங்கல் ஏதாவது உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மற்ற பொறியாளர்கள் எல்லோரும் பின்வாங்கிவிட்டார்களாம். அந்த இயந்திர அறைக்குள் போய்ப் பார்த்தவர்களில் பேச வந்திருப்பவன் நான் ஒருவன்தானாம்.

எனக்கு ஆச்சரியமே இல்லை. அன்றைக்கும் அவர்கள் அப்படித்தான். என் வேலை போன மறுவாரம் என் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்னோடு ஒரே விடுதியில் படித்தவன். இப்போது தெருவில் பார்த்தால் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான். நான் மதபோதகர் ஒருவர் நடத்தும் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பள்ளியின் மண்டபம் பிரிகேடியர் கொடுத்தது. தினமும் காலை வழிபாட்டில் அவருக்காகவும் ஒரு ஜெபம். தலையைக் குனிந்துகொண்டு சுண்ணக்கட்டியை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக்டோபர் 8. ஞாயிறு

அண்ணன் வந்தான். அமலா களி சாப்பிட்டான், வெயிலைத் திட்டினான், பெட்ரோல் வரிசையைத் திட்டினான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். அவன் மகன் டெமிலாடேக்குப் பெண் பார்த்தாயிற்று. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவளாம், நல்ல பெண்ணாம். பெண்ணுக்கு அப்பா இல்லை. வளர்த்ததெல்லாம் பெரியப்பா.

யார் என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். லாடேஜு.

எனக்குப் பேச்சு அதிகமாகவே வந்தது. ரோன்கே எதனால் செத்தாள் என்று உனக்கு நான் ஞாபகப்படுத்தணுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "செத்தது என் பொண்டாட்டி, தம்பி. நீ கோர்ட்டுக்கோ கமிஷனுக்கோ எங்க வேணா போ. நான் தடுக்கல. ஆனா நிச்சயத்தன்னிக்கு எங்க வரிசையில நீ நிக்கணும். அந்தப் பையனுக்கு அம்மா இல்ல. சித்தப்பாவும் இல்லன்னா அவங்க என்னன்னு நினைப்பாங்க?"

இவனுக்கு மட்டும் எப்படி எல்லாமே ஆறிப்போகிறது?

அக்டோபர் 21

மாப்பிள்ளை வீட்டாருக்கான துணி வந்துவிட்டது. கரும்பச்சை, தங்கச் சரிகை. மொரெனிக்கே எனக்கும் சேர்த்துத் தைக்கக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

நவம்பர் 11. சனி

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

போனேன். டெமிலாடேக்காக நிச்சயத்துக்குப் போனேன். நேற்று மாலை வந்து, "சித்தப்பா, நீங்க வரலன்னா நானும் போகல" என்றான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் பின்னால் நின்றுகொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பெண் வீட்டார் முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மண்டியிடுவார்கள், ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். எனக்கும்தான் தெரியும். மொரெனிக்கே வீட்டு முற்றத்தில் நானும் விழுந்தவன்தானே. கூட்டத்தோடு கூட்டமாகக் குனிந்து, விரலால் தரையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்துவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்ப்பதற்கென்றே கூலிக்கு ஒருத்தியை வைத்திருந்தார்கள். சடங்கை நடத்துகிறவள். ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை இடுப்பு ஒடிய ஆட வைத்தாள், பிந்தி வந்ததற்கு அபராதம் வாங்கினாள். எல்லோரும் விழுந்தார்கள். நான் பாதி குனிந்தேன்.

"அந்தப் பின்னாடி நெட்டையா நிக்கிறது யாருப்பா? முதுகுல உலக்கை கட்டியிருக்கா? பொண்ணு வேணுமா வேணாமா?"

கூட்டம் சிரித்தது. மேளம் நின்றது. விழுந்து கிடந்தவர்கள் எழவில்லை. ஒருவர் பாக்கி இருக்கும்வரை எழக் கூடாதாம். டெமிலாடே தரையில் கன்னம் வைத்தபடி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். வெள்ளை உடுப்பு முழுக்கப் புழுதி. "அந்த அய்யாவை முன்னாடி அனுப்புங்க" என்றாள் அவள். யாரோ தள்ளினார்கள். முன் வரிசைக்கு வந்தேன்.

விழுந்தேன். பாதியாக இல்லை. நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் தரையில். உடம்புக்குப் பழகிய வேலை. மனசு யோசித்து முடிப்பதற்குள் அது செய்து முடித்துவிட்டது.

தலையைத் தூக்கினால் பளபளவென்று கறுப்புக் காலணி. பிரிகேடியர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, என் தோளைப் பிடித்துத் தூக்கினார். கிழவருக்கு இன்னும் பிடி இருக்கிறது. "எழுந்திருங்க என்ஜினியர். நமக்குள்ள இனிமே என்ன இருக்கு?" மெதுவாகத்தான் சொன்னார். அன்பாகக்கூட.

வெளியே வரும்போது புகைப்படக்காரர்கள் வழக்கம்போல் படங்களைக் கழுவிக் கொண்டுவந்து, மதில் ஓரம் தரையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். என் படமும் இருந்தது. வாங்கிக் கிழித்திருக்கலாம். காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். ஒரு படத்தை எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 13

திருமதி எஃபியோங்கிடம் சொல்ல வேண்டுமா? உறவு இல்லை என்று எழுதிக் கொடுத்தது செப்டம்பரில். அன்றைக்கு அது உண்மை. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நவம்பர் 27. திங்கள்

சாட்சி சொன்னேன். எல்லாம் சொன்னேன் — காலி அறை, லாரித் தண்ணீர், வேலை போனது, காலரா. மண்டபம் அமைதியாகக் கேட்டது. வாழ்க்கையில் ஒரு பத்து நிமிடம் நான் மனிதனாக இருந்தேன்.

பிறகு பிரிகேடியரின் வழக்கறிஞர் எழுந்தார். குன்றைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிதாக்கி அட்டையில் ஒட்டிய ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். நான். புழுதியில். மேலே அவர், என் தோளில் கை.

"இவர் இந்த மாசம்தான் என் கட்சிக்காரர் காலடியில விழுந்திருக்கார். நம்ம பக்கத்துல நெஞ்சு தரையில பட விழுந்தா, ஒண்ணு சம்பந்தம், இல்ல மன்னிப்பு. இது எதுன்னு சாட்சியே சொல்லட்டும்."

மன்னிப்பு என்றால் நான் சொன்னதெல்லாம் பொய். சம்பந்தம் என்றால் நான் எழுதிக் கொடுத்தது பொய். சம்பந்தம் என்றேன். மண்டபமே சிரித்தது. ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, எங்கள் பக்கத்துக்காரர். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குடும்ப விஷயத்தைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாமே என்றார். சாட்சியத்தை ஒதுக்கிவைத்தார்கள்.

திருமதி எஃபியோங் படியிறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க ஊர்ல இப்படி விழற வழக்கம் கிடையாது சார். நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

நவம்பர் 29

எட்டாம் வகுப்பில் ஒருவன் மேசைமேல் நெஞ்சை வைத்துப் படுத்துக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அடிக்கவில்லை.

டிசம்பர் 9. சனி

தேவாலயத்தில் கல்யாணம். நான் போகவில்லை. இந்த முறை யாரும் கூப்பிட வரவில்லை.

டிசம்பர் 12

ஆணையம் முடிந்துவிட்டது. ஒகே-அயோ பற்றிப் "போதிய சாட்சியம் இல்லை."

மாலையில் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "ரோன்கே இருந்திருந்தா உன்னைத்தான் திட்டியிருப்பா. விழுந்ததுக்கு இல்ல. எழுந்ததும் அங்கயே அவர் மூஞ்சிக்கு நேரா எல்லாத்தையும் சொல்லாததுக்கு." சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆறிப்போனவன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 14. வியாழன்

பாலைக்காற்று தொடங்கிவிட்டது. உதடு வெடிக்கிறது. ஊரில் குழாய் வறண்டு கிடக்கிறது. பெண்கள் மறுபடி ஓடைக்குப் போகிறார்கள்.

லாகோஸ் பத்திரிகை ஒன்றுக்கு எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். காலராவை எழுதினேன், ரோன்கே பெயரை எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: நிருபர் ஒருவரை அனுப்புங்கள், குன்றின் மேல் ஏறி அந்தக் கதவைத் திறந்து பார்க்கட்டும். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

அடியில் பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். என் பெயரைப் படித்தால் அந்தப் படம்தான் எல்லோர் கண்ணிலும் வரும். அதற்குப் பிறகு யார் குன்றில் ஏறப் போகிறார்கள்? பயத்தால் இல்லை. பயமும்தான். ஆனால் அதனால் இல்லை.

பெயர் போடவில்லை. என் கையெழுத்து வாரியத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் மொரெனிக்கே உட்கார்ந்து முழுவதையும் தன் கையால் படியெடுத்தாள். ரோன்கே பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு எழுதினாள். நாளை காலை தபாலில் போட்டுவிடுவேன்.