கட்டில் சூட்டில் பொரிந்த குளவிகள்

அன்புள்ள லாவ் மெங்,

முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தேய்க்கிறீர்களா? நான் நலம், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றும் வகுப்பெடுப்பது நிற்கவில்லை; இப்போது இந்தக் கிராமத்தில். மக்காச்சோளத் தண்டுப்புழுவின் முட்டைகளை அழிக்கும் குட்டிக் குளவிகளை, முட்டைக்குள் இருக்கும்போதே அட்டையில் ஒட்டி விவசாயிகளுக்குத் தருகிறோம். அந்த அட்டையைச் சோள இலைக்கடியில் கட்ட வேண்டும். "கோழிமுட்டை மாதிரி பத்திரமாப் பாத்துக்கங்க" என்று உதாரணம் சொன்னேன். வகுப்புக்கு வந்த குய்ஷியாங் அக்கா மழைக்குப் பயந்து, அடுப்புச் சூடு ஓடும் செங்கல் கட்டிலில் அட்டைகளைப் போர்த்தி வைத்துவிட்டார். மறுநாள் காலை ஜன்னலெல்லாம் தூசி போலக் குளவிகள்.

"நீங்கதானே டீச்சர் கோழிமுட்டைன்னீங்க! என் சோளம் போச்சா?"

"பாதி இன்னும் பொரியலக்கா. குடையை எடுங்க."

மழையிலேயே கட்டினோம். நேற்றுப் பார்த்தோம்: அட்டை கட்டிய பக்கம் புழுமுட்டைகள் கறுத்திருந்தன, உள்ளே குளவி வளர்கிறது. வடக்குப் பக்கத்துக்கு அட்டை போதவில்லை. அங்கே புழு வரும். தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"அது தெரியும். அடுத்த வருஷம் வேற உதாரணம் சொல்லுங்க" என்றார்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் என் கனத்த காலுறைகளை அனுப்புங்கள். தபால் வண்டி வந்துவிட்டது. கடிதம் இரண்டு பக்கமாவது எழுதுங்கள். ஒரு பக்கம் உடனே தீர்ந்துவிடுகிறது.

யூஃபென்